மூன்று சென்டிமீட்டர்

மலேசியாவின் மெர்போக் கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணி அந்த ஆண்டு வென்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதன் தலைவி ஷாமளா மூன்று சென்டிமீட்டர் குட்டையானாள். பிப்ரவரியில் நூற்று அறுபத்திரண்டு இருந்தவள், ஐந்து வெற்றிகளுக்குப் பிறகு நூற்று நாற்பத்தேழு. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பயிற்சியாளர் சின்ன மட்டை வாங்கிக் கொடுத்தார். அவள் அம்மா ராக்காயி, ஷிப்டு முடிந்து கூலிம் நகரத்துத் தொழிற்சாலையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும், ஆட்டப் பாவாடையின் ஓரத்தை இன்னொரு மடிப்பு மடித்துத் தைத்தாள். துணியை வெட்டவில்லை. திரும்ப வளர்ந்தால் பிரித்துவிடலாம் என்று நினைத்தாள்.

காரணம் புஷ்பவள்ளிக்குத் தெரியும். சுங்கை பட்டாணியில் புள்ளியியல் சொல்லிக் கொடுக்கும் அவள்தான், தேர்வுக் குழுவுக்காகத் தரவரிசை போட்டாள். பன்னிரண்டு கல்லூரிகளில் நான்குதான் கோலாலம்பூர் போட்டிக்குப் போகும். எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஆடுவதில்லை. யாரோடு ஆடுவது என்பது அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். அதனால் ஓர் அணியின் மதிப்பெண்ணில் கால் பங்கு அதன் வெற்றிக்கு, முக்கால் பங்கு எதிரணிகளின் பலத்துக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் செயற்கைத் தரையில் ஆடிப் பழகிய நகரத்து அணிகள் மெர்போக்கின் புல்தரைக்கு வர மறுத்தன, தங்கள் இடத்துக்கும் அழைக்கவில்லை. வந்தவையெல்லாம் தோற்றே பழகிய அணிகள். அவற்றை வெல்ல வெல்ல மெர்போக்கின் மதிப்பெண் இறங்கியது. கூடவே ஷாமளாவும்.

இதைச் சரிசெய்ய ஒரே வரி போதும்: மதிப்பெண்ணைக் குறைக்கும் வெற்றியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மார்ச் மாதமே புஷ்பவள்ளி அதை எழுதினாள். பிறகு அழித்தாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் அவளே மெர்போக்கின் கோல்கீப்பர். சொந்த டீமைத் தூக்கிவிட்டாள் என்று ஒருவர் சொன்னாலும், அவளால் தேர்வுக் குழுவின் அறையில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது.

ஒன்பது வெற்றிகளுக்குப் பிறகு மெர்போக் நான்காம் இடத்தில் இருந்தது. கடைசி ஆட்டம், ஒருமுறைகூட வெல்லாத ஓர் அணியோடு. முந்தின நாள் மாலை, பாக்கார் ஆராங் குடியிருப்பில் புஷ்பவள்ளி வீட்டு வாசலில் ஷாமளா நின்றாள்.

"எவ்வளவு நேரமா கூப்பிடுறேன்கா. பெல் எட்டல."

"உள்ள வா."

"வேணாம், பைக்ல ஆள் நிக்குது. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நாளைக்கு ஆடலன்னா நாலாவதாவே நிப்போமா? பஸ் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்லா."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"கணக்கு போடுறதே நீங்கதானே."

அன்று மதியமே புஷ்பவள்ளி போட்டுப் பார்த்திருந்தாள். ஆடாத ஆட்டம் கணக்கில் வராது. நான்காம் இடம் நிற்கும். வென்றால் ஐந்து. கோலாலம்பூரில் ஆடுகிறவர்களிலிருந்துதான் பல்கலைக்கழகம் உபகாரச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் என்பதும், அது கிடைக்காவிட்டால் ஷாமளாவுக்கு அம்மாவின் தொழிற்சாலைதான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"நீங்க போய் ஆடுங்க," என்றாள்.

ஷாமளா அவளை அண்ணாந்து பார்த்தாள். "சரிக்கா. அம்மாவ ஊசி நூல் எடுத்து வைக்கச் சொல்றேன்."

ஒன்பதுக்குச் சுழியம். நான்கு கோல் ஷாமளாவுடையது. திங்கட்கிழமை வந்த பட்டியலில் மெர்போக் ஐந்தாவது. நான்கு ஆட்டங்களில் தோற்ற அணி நான்காவது.

அடுத்து வந்த ஞாயிறு சந்தையில் ராக்காயி எதிரே வந்தாள். "தோத்தவங்க போறாங்க, ஜெயிச்சவ வீட்ல இருக்கா. எனக்குப் புரியலம்மா. நீங்க போட்ட கணக்குன்னாங்க. அப்ப சரியாத்தான் இருக்கும்." கையிலிருந்த முருங்கைக் கட்டில் பாதியைப் பிரித்துப் புஷ்பவள்ளியின் பையில் வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஆண்டு முதல் கூட்டத்திலேயே புஷ்பவள்ளி அந்த வரியைக் கொண்டுபோனாள். அவள் எந்த அணியில் ஆடியவள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார்கள். செயலாளர் அய்யாவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவுதானா? போன வருஷமே சொல்லியிருக்கலாமே தங்கச்சி." மெர்போக் அந்த ஆண்டு கோலாலம்பூர் போனது. யாரும் குட்டையாகவில்லை.

ஷாமளா நூற்று முப்பத்திரண்டிலேயே நின்றாள். கூலிமில் அவள் நின்று வேலை செய்ய ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏற, கீழ்ப்படிக்கும் கீழே ஒரு பலகை அடித்தார்கள். ஒவ்வொரு பிப்ரவரியும் தரவரிசை தொடங்குவதற்கு முன் புஷ்பவள்ளி அளவு நாடாவோடு மெர்போக் போகிறாள். ஷாமளா செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். "அதேதான்கா," என்கிறாள், நாடாவைப் பார்க்காமலே. புஷ்பவள்ளி குறித்துக்கொள்கிறாள். ராக்காயி தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். பத்து மடிப்போடு அந்தப் பாவாடை இன்னும் கொடியில் தொங்குகிறது.