ஒரு விரலுக்கு அசையாத வரைபடம்

எங்கள் ரத்ததானப் பேருந்து மலையடிவாரத்து ஊர்களுக்குப் போகும். நான் அதில் நர்ஸ். புது இணையப் பக்கம் வந்ததிலிருந்து ரத்தம் கொடுக்க ஒரு பதிவும் வரவில்லை. நானும் டிரைவரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேருந்தையே நிறுத்திவிடலாம் என்றார் தலைமை டாக்டர் கயெத்தான். ரத்தம் கொடுப்பதில் எங்கள் ஜனங்கள் கஞ்சர்கள் இல்லை.

பக்கத்தைப் பராமரிக்கப் புதிதாக வந்த யாக்னாவிடம் புலம்பினேன். அவள் என் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து என்னிடமே நீட்டினாள்.

"நீங்களே பதிவு பண்ணுங்கக்கா."

பேருந்து நிற்கும் இடங்களைக் காட்டும் வரைபடம் திரை முழுக்க நின்றது. பதிவு பட்டன் அதற்குக் கீழே. கட்டைவிரலால் மேலே தள்ளினேன். பக்கம் நகரவில்லை, வரைபடம்தான் நகர்ந்தது. மறுபடி தள்ளினேன். எங்கள் ஊர் போய்ப் பக்கத்து நாடான ஸ்லோவாக்கியா வந்தது. அப்புறம் ஹங்கேரி.

"பட்டன் எங்கடி?"

"இன்னும் தள்ளுங்க, கிரீஸ் வந்துரும். அங்க வெயிலாவது அடிக்கும்."

எட்டிப் பார்த்த டாக்டர் உடனே தீர்ப்புச் சொன்னார். "அந்த மேப்பைத் தூக்கிடும்மா."

"தூக்கிட்டா பஸ் எங்க நிக்குதுன்னு எப்படித் தெரியும், டாக்டர்? ஒரு விரல்ல தள்ளினா பக்கம் நகரட்டும். ரெண்டு விரல் வச்சா மட்டும் மேப் நகரட்டும்."

"இதை ஜனங்களுக்கு யாரு சொல்லித் தர்றது?"

"மேப்பே 'ரெண்டு விரல் வைங்க'ன்னு எழுதிக் காட்டும். ஒத்த விரலால இழுக்கிறவங்களுக்கு மட்டும்."

"சரி, பஸ் லெஸ்கோ ஊருக்கு இன்னும் ஒரு தடவை போகட்டும். ஆள் வரலைன்னா அதோட சரி."

யாக்னா வரைபடத்தின் உயரத்தையும் குறைத்தாள். பட்டனின் தலை இப்போது கீழே எட்டிப் பார்த்தது. டிரைவரின் விரிசல் விழுந்த போன்வரை எல்லார் போனிலும் தள்ளிப் பார்க்கவைத்தாள். அந்தப் பொறுமை எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது.

லெஸ்கோவில் கதவைத் திறந்தால் வரிசை மருந்துக்கடையைத் தாண்டி நின்றது. ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே முதலில் வந்த மிரோனிடம் கேட்டேன்.

"மேப் தொந்தரவு பண்ணலையா?"

"மேப்பா? பஸ் எங்க நிக்குதுன்னு பார்த்தேன், கீழே போனேன், பதிவு பண்ணேன். இதுல என்ன தொந்தரவு?"

அடுத்தவளும் அதையேதான் சொன்னாள். யாக்னாவுக்குப் போன் போட்டேன்.

"உன் வேலையை ஒருத்தர்கூடக் கவனிக்கலடி."

"அப்பாடா" என்றாள்.

அவளை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. நிமிர்ந்தால் எதிரே டாக்டர் கயெத்தான். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ரத்தம் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.