முதல் ஜீப்பில் வரும் கையெழுத்து

சித்திரை மாதத்து செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தே காலுக்கு, போலி டாக்டர் முத்துக்கண்ணன் போலீஸ் ஸ்டேஷனில் "நான் டாக்டர் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். பதினாறு வருஷமாக அவர் குணமாக்கிய நோய்கள் எல்லாம் பத்தரைக்குள் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டன. போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயங்களில் அன்று அதற்கு மேல் யாரும் வேலை செய்யவில்லை. முனீஸ்வரனை ஒன்பது வருஷத்துக்கு முன் கடித்த பாம்பின் விஷம் அதே கெண்டைக்காலில் ஏறியது. தமிழ்செல்வியின் கண்கள் பழையபடி மஞ்சளாயின. ராக்கையாவுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. முத்துக்கண்ணன் தப்பாகப் போட்ட ஊசியால் ஒரு காலை இழந்தவர் அவர். போன காலும் திரும்பி வருமோ என்று மத்தியானம் வரை வாசலில் உட்கார்ந்து பார்த்தார். வரவில்லை.

முத்துக்கண்ணன் போடியில் ஒரு மருந்துக்கடையில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர். மருந்து கொண்டுவந்த ஒருநாள் லயத்தில் யாரோ டாக்டர் என்று கூப்பிட, மறுக்காமல் அங்கேயே தங்கிவிட்டார். அசல் டாக்டரே இல்லை என்று சொல்லக்கூடாது. மலையில் கட்டிய சின்ன ஆஸ்பத்திரிக்கு ஒருவரை நியமித்திருந்தார்கள். அவர் வரமாட்டார், அவருடைய கையெழுத்து வரும். போடியிலிருந்து கூலியாட்களை ஏற்றிவரும் முதல் ஜீப்பின் முன் சீட்டில் நீல மையில் வாலை மடக்கி உட்கார்ந்து, கொண்டை ஊசி வளைவுகளை எல்லாம் கடந்து, ஆஸ்பத்திரியில் இறங்கி வருகைப் பதிவேட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்பிவிடும். பெண்கள் பின்னால் நெருக்கியடித்து நின்றாலும், டிரைவர் சுருளி அந்த சீட்டில் யாரையும் உட்காரவிட மாட்டான். அரசாங்க ஆள் என்று ஒரு மரியாதை.

கருப்பம்மாள் ஏலக்காய் தரம் பிரிப்பவள். பச்சைச் சாயம் பூசிய காயைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தே சொல்லிவிடுவாள். முத்துக்கண்ணன் போலி என்பது அவளுக்கு முதல் நாளே தெரியும். லயத்தில் எல்லாருக்குமே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் இந்த ஆளும் இல்லாமல் போய்விடுவார். அவள் மகள் சூர்யகலாவுக்கு ஆறு வயதில் காய்ச்சல் கண்டபோது, போடிக்கு இறங்கும் ஜீப்பு ஆள் நிறைந்துவிட்டது என்று நிற்காமல் போய்விட்டது. முத்துக்கண்ணன்தான் மூன்று நாள் கட்டிலை விட்டு நகராமல் ஈரத்துணி மாற்றி மாற்றிப் பிள்ளையை மீட்டார். டாக்டர் காப்பாற்றினார் என்றே சொல்லி அவளை வளர்த்தார்கள். அவரைப் பார்த்துத்தான் அவள் நர்சுக்குப் படித்தாள். போடியில் வேலை கிடைத்ததும், அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்க ஆசைப்பட்டு, அவர் போர்டில் எழுதியிருந்த பதிவு எண்ணைத் தேடினாள். அந்த எண்ணில் அவர் இல்லை. இரண்டு நாள் அழுதாள். பிறகு ராக்கையாவின் காலை நினைத்துப் புகார் எழுதினாள். அவள் செய்தது சரிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை லயத்துக்கு வந்திருந்த சூர்யகலாவுக்கு அந்த ஆறு வயதுக் காய்ச்சல் அப்படியே வந்தது. மற்ற நோயாளிகளை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் எல்லாம் இறங்கிவிட்டன. அவர் போலி என்பது லயத்தில் எல்லாருக்கும் முன்பே தெரியும் என்பதை, ஈரத்துணி போட்ட அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"எனக்கு மட்டும் ஏன் ஆத்தா சொல்லல?"

"நீ அவரப் பாத்துத்தானத்தா படிச்ச. எந்த வாயால சொல்லுவேன்."

சூர்யகலா அதற்கு மேல் பெரியவளாகப் பேசவில்லை. குரல் சிறுபிள்ளைக் குரலாக மாறி, அன்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தது. "ஜீப்பு போயிருச்சா ஆத்தா?"

கருப்பம்மாள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வருகைப் பதிவேடு திறந்திருந்தது, கையெழுத்து இருந்தது. வேறு யாரும் இல்லை. மகளின் மணிக்கட்டை எடுத்து அதன் மேல் வைத்தாள். "நாடி புடிச்சுப் பாருங்க சாமி" என்றாள். கையெழுத்து கொஞ்சம் நெளிந்தது. பாவம், அதற்கு நாடி பார்க்கத் தெரியாது. மூன்று மணிக்கு சூர்யகலா இறந்தாள். கையெழுத்து பதிவேட்டிலிருந்து எழுந்து, மேஜையைக் கடந்து, இறப்புச் சான்றிதழ் படிவத்தில் அதற்குரிய கோட்டில் படுத்துக்கொண்டது. கருப்பம்மாள் வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தாள். விரலில் துளி சாயம் ஒட்டவில்லை. அசல்தான்.

சாயங்காலம் சுருளியின் ஜீப்பு காலியாக மேலே வந்தது. வேலை முடிந்த கையெழுத்து வழக்கம்போல முன் சீட்டில் ஏறிக்கொண்டது. கருப்பம்மாள் மகளை மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

"போகலத்தா" என்று அவள் காதோரம் சொன்னாள். "ஜீப்பு நமக்காகத்தான் நிக்குது."

சுருளி இரண்டு நிமிஷம் நிறுத்தி வைத்திருந்துவிட்டுத்தான் எடுத்தான்.