அரையிறுதியும் ஆறு நாள் விரதமும்

மொன்றியல் தமிழர்களிடம் போய்ச் சிவநேசத்தைத் தெரியுமா என்று கேட்டால், எந்தச் சிவநேசம் என்று திருப்பிக் கேட்பார்கள். செமி சிவநேசம் என்று சொல்லிப் பாருங்கள், பச்சைப் பிள்ளையும் வழி காட்டும். நகரத்துக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் உதைபந்தாட்ட அணிக்கு அவர் இருபது வருடத்துக்கு மேலாகத் தலைமைப் பயிற்றுவிப்பாளர். அவருடைய அணி மாகாணப் போட்டியில் அரையிறுதி வரைக்கும் கம்பீரமாகப் போகும். போய்த் தோற்கும். அடுத்த முறையும் போகும், அடுத்த முறையும் தோற்கும். ஒரே ஒரு வருடம் இறுதிக்குப் போய் அங்கேயும் தோற்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கதைதான். பட்டம் வைப்பதில் எங்கள் சனத்தை மிஞ்ச ஆள் உண்டா? அரையிறுதிக்கு ஆங்கிலத்தில் சொல்வதை வெட்டிச் செமி என்று வைத்தார்கள். அது ஒட்டிக்கொண்டது.

அவர் அந்த வேலைக்கு வந்ததே வாயால்தான். கனடாவுக்கு வந்த புதிதில் லாசாலில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் வேலை. பின்னேரங்களில் கல்லூரி மைதானத்து வேலியில் சாய்ந்துகொண்டு பயிற்சி பார்ப்பார். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கும் கழகத்துக்கும் விளையாடிய கால் சும்மா நின்றாலும் வாய் சும்மா நிற்காது. இடது பக்கத்துப் பின்வரிசைக்காரன் நிற்கும் இடம் பிழை என்று ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று கத்திவிட்டார். அப்போதைய கோச் திரும்பிப் பார்த்து, கத்துவதென்றால் உள்ளே வந்து கத்து என்றார். உள்ளே போனவர் முதலில் பந்து சுமந்தார், பிறகு உதவியாளர் ஆனார். அந்த மனிதர் வேறு ஊருக்குப் போனதும் அணி இவர் தலையில் விழுந்தது. பிரெஞ்சும் மைதானத்தில் படித்த பிரெஞ்சுதான். அதனால் அவர் வங்கியில் போய்க் கதைத்தாலும் அங்கே நிற்பவர்களை முன்னுக்கு ஓடச் சொல்லிக் கட்டளையிடுவது போலத்தான் இருக்கும்.

இந்த வருடத்தோடு சரி என்று கல்லூரிக்குச் சொல்லிவிட்டார். முழங்கால் இரண்டும் கெஞ்சத் தொடங்கிவிட்டன. ஆகவே சனிக்கிழமை வரப்போகும் அரையிறுதிதான் அவருக்குக் கடைசிச் சந்தர்ப்பம். ஒருமுறை, ஒரே ஒருமுறை கிண்ணத்தைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். வேறு ஆசை எதுவும் அவருக்கு மிச்சமில்லை.

அந்தக் கிழமைதான், புதனன்று, கந்தசஷ்டியும் தொடங்கியது.

சிவநேசம் சஷ்டி பிடிக்கிறவர். அதுவும் லேசாக அல்ல. கலியாணம் முடித்து நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, டொலார்டில் இருக்கும் முருகன் கோயிலில் நேர்த்தி வைத்துப் பிடித்த விரதம். அடுத்த வருடம் வித்தியா பிறந்தாள். உயிர் உள்ளவரைக்கும் விடமாட்டேன் என்று அன்றைக்கே முருகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஆறு நாளும் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர், கோயில் பூசை முடிந்த பிறகு ஒரு கோப்பை பால், ஒரு வாழைப்பழம். வித்தியா இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், தகப்பனைவிட உயரம். ஆனாலும் ஒரு வருடம் விட்டால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடுமோ என்ற பயம் அவரை விடவில்லை.

வியாழக்கிழமை பயிற்சி முடிந்து பெடியள் உடுப்பு மாற்றப் போன பிறகு, உதவிப் பயிற்றுவிப்பாளர் மாக்கிரட் அவரை மறித்தாள். மன்னார்க் குடும்பம், பிறந்தது மொன்றியலில். பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் நடுக்களம் ஆடியவள். நாலு வருடமாக அவருடன் நிற்கிறாள். மனதில் பட்டதை மடித்துச் சொல்லத் தெரியாது.

“அண்ணை, பழைய அரையிறுதி வீடியோ எல்லாத்தையும் இருந்து பாத்தன். ஒண்டு சொல்லுவன், கோவிக்கக் கூடாது.”

“சொல்லும்.”

“தோத்த எல்லாத்திலையும் ரெண்டாம் பாதியிலை நீங்கள் வேறை ஆளா மாறுறியள். நல்லா விளையாடுறவனை வெளியிலை எடுக்கிறியள். முன்னுக்கு நிண்டவனைப் பின்னுக்கு அனுப்புறியள். மற்ற நாளிலை நீங்கள் அப்பிடிச் செய்யிறேல்லை. எல்லா ஆட்டமும் உங்கடை விரதத்துக்கை விழுந்த ஆட்டம்.”

“விசர்க் கதை கதையாதையும்.”

“சஷ்டி பிந்தி வந்த வருசம் அரையிறுதி வெண்டம்தானே? பேந்து இறுதி ஆட்டம் சஷ்டிக்கை வந்துது. நாலு கோல் வாங்கினம்.”

சிவநேசத்துக்குக் காது சூடாகியது. “நான் முருகனுக்காகப் பிடிக்கிற விரதம் பிள்ளையளைத் தோக்கடிக்குது எண்டு சொல்லுறீரோ?”

“முருகனை நான் ஒண்டும் சொல்லேல்லை. றமழானிலை நோன்பு பிடிக்கிற பெடியனை நீங்கள் பகலிலை ஓட விடமாட்டியள். பசிச்ச மூளை பந்தைப் பாக்காது எண்டு எனக்குச் சொல்லித் தந்தது ஆர்?”

பிடிபட்ட ஆண்பிள்ளை என்ன செய்வானோ அதையே செய்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு காருக்குப் போனார்.

கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்து, பால் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மனைவி அஜந்தாவிடம் முறையிட்டார். இவளாவது தன் பக்கம் நிற்பாள் என்று நம்பினார். அஜந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அந்தப் பிள்ளை நாலு வருசத்திலை கண்டுபிடிச்சிட்டுது. நான் எத்தினை வருசமாத் தலையிலை அடிக்கிறன்! சஷ்டிக் கிழமையிலை நானும் வித்தியாவும் இந்த வீட்டிலை பூனை மாதிரியெல்லே நடக்கிறம். போன வருசம் கதவு பெரிசாச் சாத்தினதுக்கு என்னோடை ஒரு நாள் முழுக்கக் கதைக்கேல்லை நீங்கள்.”

“நான் அப்பிடியோ?”

“பசி வந்தால் பத்தும் பறக்கும் எண்டு சும்மாவே சொன்னவை? சனிக்கிழமை ஒரு நாள் சாப்பிட்டிட்டுப் போங்கோ. முருகன் உங்களை விடப் பெரிய மனுசன், கோவிக்க மாட்டார்.”

“பிள்ளைக்காகப் பிடிக்கிறது அஜந்தா. என்னாலை ஏலாது.”

அஜந்தா சிரிப்பை நிறுத்திவிட்டாள். அந்தப் பிள்ளைக்காக அவளும்தானே கோயில் கோயிலாக அலைந்தவள். அதற்குமேல் அவள் வற்புறுத்தவில்லை. பால் ஆறிப் போயிருந்தது. அதைச் சுடவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சிவநேசம் அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. விரதத்தை விட அவரால் முடியாது. ஆட்டத்தை விடவும் முடியாது. இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தால் பெடியள் தோற்பார்கள். இத்தனை வருடம் நடுவரையும் காற்றையும் ஈரப் புல்லையும் குறை சொன்னாரே, ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணலாக இருந்த மாதிரி. நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாக்கிரட்டைத் தனியாகக் கூப்பிட்டார். “நாளைக்கு நீர் நடத்தும். ஆரை எடுக்கிறது, ஆரை விடுறது எல்லாம் நீர்தான். நான் வாங்கிலை குந்தி இருப்பன், வாய் திறவன்.”

“உங்களாலை ஏலாது அண்ணை.”

“வாக்கு.”

மாக்கிரட் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் அவரும் நம்பவில்லை.

சனிக்கிழமை நல்ல குளிர். எதிரணி கியூபெக் நகரத்திலிருந்து வந்த மலைமாடுகள். முதல் பாதி முடியுமுன்னமே ஒரு கோல் அடித்துவிட்டார்கள். சிவநேசம் வாங்கின் ஓரத்தில் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அதன்மேல் பாரத்தைப் போட்டுக்கொண்டு இருந்தார். கை எழும்பினால் வாயும் எழும்பும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாம் பாதியில் அது தொடங்கியது. வயிற்றுக்குள் ஒரு எரிவு, நெற்றிப்பொட்டில் ஒரு இடி. முன்வரிசையில் நின்ற தனோஜன் அவர் கண்ணில் முள்ளாகக் குத்தினான். கர்க்லாண்டிலிருந்து வரும் பெடியன், நல்ல ஆட்டக்காரன், ஆனால் ஓடமாட்டான். எல்லாரும் குற்றுயிரும் குலையுயிருமாக ஓடிக்கொண்டிருக்க இவன் கோயில் மாடு மாதிரி எதிரணியின் பின்வரிசைக்குள் உலாத்திக்கொண்டு திரிந்தான். இவனை எடுத்தால்தான் ஆட்டம் திரும்பும். அவருக்கு அதில் ஒரு துளி சந்தேகமும் இருக்கவில்லை.

எழும்பிவிட்டார். “உவனை எடும்! மாக்கிரட், உவனை உடனை வெளியிலை எடும்!”

மாக்கிரட் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. “அண்ணை, வாக்கு.”

அப்படியே நின்றார். வாய்க்குள் ஆயிரம் சொல் கொதித்தது. இவளுக்கு என்ன தெரியும், இவள் பிறக்க முன்னமே நான் பந்து உதைத்தவன். அப்போதுதான் அவருக்குள் ஒன்று குளிர்ந்தது. ஒவ்வொரு முறையும் இப்படித்தானே இருந்தது. தோற்ற ஒவ்வொரு அரையிறுதியிலும் இதே மாதிரி, ஒரு துளி சந்தேகமும் இல்லாமல்தானே பெடியளை வெளியே இழுத்தார். மெல்ல இருந்தார். கைகளைத் திரும்பவும் தொடைக்குக் கீழே வைத்தார்.

ஆட்டம் முடியச் சொற்ப நேரம் இருக்கும்போது வலது பக்கத்திலிருந்து பந்து உயர்ந்து வந்தது. ஓடிக் களைத்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்க, களைக்காத தனோஜன் ஒருவன் மட்டும் எம்பித் தலையால் இடித்தான். சமநிலை. பெடியள் அவன்மேல் விழுந்து எழும்பி வந்தார்கள். மேலதிக நேரத்தில் அவனே இரண்டு பேரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய், பந்தைப் பக்கத்தில் வந்தவனுக்குத் தள்ளிவிட்டான். இரண்டுக்கு ஒன்று. நடுவர் ஊதினார்.

மைதானம் முழுக்கக் கூச்சல். அஜந்தாவும் வித்தியாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துள்ளினார்கள். சிவநேசம் எழும்பவில்லை. இத்தனை வருடமாகக் காத்திருந்த சந்தோசம் வந்தது, வந்த கையோடு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. தனோஜனை எடுத்திருந்தால் தோற்றிருப்போம். அப்படியானால் முந்தித் தோற்ற பெடியள்? உடுப்பு மாற்றும் அறையில் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுத அத்தனை பெடியள்? அவர்களில் எத்தனை பேருக்கு, உங்களிடம் ஓர்மம் இல்லை, நெஞ்சுறுதி இல்லை என்று அவர் பாடம் எடுத்திருப்பார்! அவருக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில் அழுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதுவும் பொய்யில்லை.

பெடியள் வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். கோச், ஏதாவது சொல்லுங்கள் என்று பிரெஞ்சில் கத்தினார்கள்.

“இன்றைக்கு நான் ஒன்றும் செய்யவில்லை,” என்றார் அவரும் பிரெஞ்சில். “இது முழுக்க மாக்கிரட்டின் வெற்றி. நான் வாயைத் திறந்திருந்தால் தோற்றிருப்பீர்கள்.”

அவர் வாழ்க்கையில் சொன்ன சுத்தமான உண்மைகளில் அது ஒன்று. பெடியள் அதைப் பணிவென்று நினைத்துக்கொண்டு இன்னும் பெரிதாகக் கூவி அவரைத் தோளில் தூக்கினார்கள். பாரம் குறைந்த ஆள், பட்டினி வேறு, சுலபமாகத் தூக்கினார்கள்.

எல்லாரும் போன பிறகு மாக்கிரட் வந்து வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“இறுதி ஆட்டம் வாற சனி. சூரன்போர் திங்கட்கிழமையே முடிஞ்சிடும். மூக்கு முட்டச் சாப்பிட்டிட்டு வந்து நீங்களே நடத்துங்கோ அண்ணை.”

அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. கூடவே பயமும் வந்தது. இன்றைக்குப் பழியைப் போடப் பசி இருக்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போதும் அதே பிழையைச் செய்தால்? பிழை விரதத்தில் இல்லை, சிவநேசத்தில்தான் என்று ஆகிவிடாதா? மாக்கிரட்டிடமே விட்டுவிட்டால் அந்தக் கேள்வி வராது. கிண்ணமும் அநேகமாக வரும். நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

வேலிக்கு அப்பால் வித்தியா கை காட்டினாள். இவரும் கை காட்டினார்.

“நீர் இல்லாமல் எண்டால் மாட்டன்,” என்றார் கடைசியில். “நான் நடத்துறன். ஆனால் பக்கத்திலை நில்லும். தனோஜனை எடுக்கச் சொல்லி நான் எழும்பினால், என்ரை கையைப் பிடிச்சு இருத்தும்.”

மாக்கிரட் அவரை ஒரு கணம் பார்த்தாள். இந்த நாலு வருடத்தில் அவர் ஒருவரிடமும் இப்படிக் கேட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

“கையைப் பிடிக்கிறதோ?” என்றாள். “கடிப்பன் அண்ணை.”