வேட்டித் திரைக்கு அந்தப் பக்கம்

கொருக்குப்பேட்டையில் சுப்பராயன் வாத்தியாரின் பள்ளிக்கூடத்தில் பாதி நாள் பாடத்தை ரயில்தான் நடத்தியது. கொட்டகைக்கு இருபதடி தள்ளி கூட்ஸ் யார்டு. என்ஜின் வந்து சரக்கு வாகன்களை முட்டும்போதெல்லாம் வாத்தியார் வாயைத் திறந்து மூடுவது மட்டும்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். பதினோரு வருஷம் இப்படிக் கத்தித் தொண்டை கட்டிப்போன மனிதர், காதுக்கு எட்டாததைக் கண்ணுக்காவது எட்டவைக்கலாம் என்று யோசித்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு செய்ததில்தான் தப்பு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் அது. வண்ணாரப்பேட்டையில் கப்பல் கழிவுச் சாமான் விற்கும் அத்தாவுல்லா சாயபுவின் இரண்டு பிள்ளைகளும் சுப்பராயனிடம் எழுதப் படிக்கக் கற்றவர்கள். அந்த நன்றிக்குச் சாயபு ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிவந்து கொடுத்தார். உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் ஒரு கண்ணாடிக் குண்டு. படம் எழுதிய கண்ணாடித் துண்டை நடுவில் செருகினால் எதிரே தொங்கும் துணியில் படம் ஆள் உயரத்துக்கு விழும். மாஜிக் லாந்தர் என்றார்கள்.

"எந்தக் கப்பல்ல வந்துச்சோ தெர்ல வாத்தியாரே. எங்கிட்ட கெடந்து துருப்புடிச்சிகினு கீது. உங்க பசங்களாவது பாக்கட்டும்" என்றார் சாயபு.

பெட்டியோடு வந்த படங்கள் ஆறு. யானை, எரிமலை, ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி, இப்படி. சுப்பராயன் சன்னல்களைக் கோணியால் அடைத்து யானையைக் காட்டினார். பிள்ளைகள் வாய் பிளந்தார்கள். மறுநாளும் யானை, மறுநாளும் வாய் பிளப்பு. ஒரு மாதம் போனபின் பார்த்தால் ஒரு பிள்ளைக்கும் ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. வாத்தியாருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. வேடிக்கை காட்டுவதற்கு வாத்தியார் எதற்கு, குரங்காட்டி போதாதா?

அன்றைக்கு ஒரு சாதாரணக் கண்ணாடித் துண்டை எடுத்து விளக்குச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைத்தார். அந்தக் கரியில் ஊசியால் 'மரம்' என்று கீறினார். லாந்தரில் செருகியதும் இருட்டுக்குள் எழுத்து மட்டும் நெருப்பாய் எரிந்தது. குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக் காட்டினார். அதற்குமேல் அவர் கத்தவேண்டியிருக்கவில்லை. என்ஜின் தன்பாட்டுக்குக் கூவ, பிள்ளைகள் தங்கள்பாட்டுக்குப் படித்தார்கள்.

இங்கேதான் சர்க்கார் உத்தரவு வந்து சேர்ந்தது. அங்கீகாரம் வேண்டும் என்கிற பள்ளிக்கூடம் சேரிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து எட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். எட்டுப் பேர் நுழைந்த அன்றே, ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த நாற்பது பேரின் தகப்பன்மார் வாசலில் நின்றார்கள். அவர்களும் மில்லில் பஞ்சு தின்று இருமுகிறவர்கள்தான். ஆனாலும் தங்களுக்குக் கீழே ஓர் ஆள் இல்லாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

பள்ளிக்கூட மானேஜர் ரகுபதி முதலியார் கையைப் பிசைந்தார். "சேத்துக்கலைன்னா அங்கீகாரம் போவும். சேத்துகினா பசங்க போவாங்க. நீங்களே ஒரு வழி சொல்லுங்க வாத்தியாரே."

சுப்பராயன் வழி சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

லாந்தருக்கு எப்படியும் துணித் திரை வேண்டும். அதைச் சுவரோரம் கட்டாமல் கொட்டகையின் நடுவில் கட்டினால் என்ன? ஒரு நாலு முழ வேட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் வெளிச்சம் ஊடுருவும். இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர். ஒரே விளக்கு, ஒரே எழுத்து. யாரும் யாரையும் பார்க்கவேண்டாம், எல்லோரும் பாடத்தைப் பார்க்கலாம். முதலியார் வாத்தியாரின் முதுகில் தட்டினார். வாத்தியாரும் உச்சி குளிர்ந்துதான் போனார். வெளிச்சத்துக்குச் சாதி கிடையாது என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்த வார்த்தையை நினைத்துப் பின்னால் அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

முதலியார் இன்னும் சில நிபந்தனைகள் வைத்தார். எட்டுப் பேரும் பின்வாசல் வழியாக வரவேண்டும். பலகை கிடையாது, தரையில் மணல் பரப்பி விரலால் எழுதட்டும். போகும்போது அந்த மணலைத் தாங்களே நிரவிவிட்டுப் போகவேண்டும். புத்தகம், நாலு மாதம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து வைக்கும் பரீட்சையில் தேறினால் பார்க்கலாம். "தேறினாங்கன்னா ரெண்டாம் வகுப்புல பேரை எழுதிடுவேன், அப்புறம் எந்த அப்பன் வந்து நின்னாலும் அசைய மாட்டேன். தேறலைன்னா இதுங்களுக்குப் படிப்பு ஏறலைன்னு எழுதி அனுப்பிடுவேன். எனக்கும் நாலு பேர் மூஞ்சியில முழிக்கணுமில்ல."

ஆக எட்டுப் பேரின் தலையெழுத்தும் அந்த ஒரு பரீட்சையில் இருந்தது. அதிலும் வேம்புவின் தலையெழுத்து. ஒன்பது வயதுப் பெண். அவள் அம்மா தாயம்மா யார்டில் கரி சுமப்பவள். தண்டவாளத்துக்கு நடுவில் சிதறும் கரியைப் பொறுக்க வேம்புவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். ஒரு நாள் பின்னால் உருண்டு வந்த வாகன் ஒன்று வேம்புவின் பாவாடை நுனியைக் கிழித்துக்கொண்டு போனது. அன்றைக்குத்தான் தாயம்மா அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டாள்.

"நாலு மாசம் வுடறேன் வாத்தியாரையா. பாஸானா படிக்கட்டும். இல்லாங்காட்டி எங்கூட வரட்டும். கையி பத்தல எனுக்கு" என்றாள்.

அந்த நாலு மாதமும் சுப்பராயன் மாடாக உழைத்தார். ராவெல்லாம் கண்ணாடியில் கரி பிடித்து ஊசியால் கீறுவார், விரல் நுனியெல்லாம் வெட்டு. ஒற்றை எழுத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து வாக்கியம். குச்சி தொட்டால் திரைக்குப் பின்னாலிருந்துதான் முதலில் குரல் வரும். அதுவும் வேம்புவின் குரல். கப்பல், கரி, தண்ணீர், எதைப் போட்டாலும் கணீரென்று படிப்பாள். முன்னால் உட்கார்ந்த நாற்பதும் அவளுக்குப் பின்னால்தான் வாயைத் திறக்கும். வாத்தியாருக்குக் கேட்கக் கேட்க நெஞ்சு நிறைந்தது. ஒரு நாளாவது எழுந்து வேட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாரா? போகவில்லை. நாற்பது பேர் வீட்டில் போய்ச் சொல்வார்களே என்று பயம். குரல் வந்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் வருகிற நாளும் வந்தது. பதினோரு மணிக்கு வருவார். சர்க்கார் மனிதர் கண்ணில் நடுத்திரை படக்கூடாதென்று ஏழரைக்கே வேட்டியை அவிழ்க்கப் போனார் சுப்பராயன். கோணியை விலக்கிச் சன்னலையும் திறந்தார். எட்டுப் பேரும் குளித்து எண்ணெய் வைத்து அதற்குள் வந்து உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் குனிந்து பார்த்தார். என்ன எழுத்தென்றே தெரியவில்லை. எதிரில் நின்று பார்ப்பதால்தான் என்று நினைத்து வேம்புவின் முதுகுப் பக்கம் வந்து நின்றார். அப்போதும் தெரியவில்லை. வேம்புவின் விரல் வலது ஓரத்தில் ஆரம்பித்து இடது பக்கம் ஓடியது. ஒவ்வோர் எழுத்தும் முகம் திருப்பிக்கொண்டு நின்றது. அழகான எழுத்து, ஒரு சுழிகூடப் பிசகாத எழுத்து. கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலமாய் மாறிய எழுத்து.

துணியின் இந்தப் பக்கம் நேராகத் தெரிவது அந்தப் பக்கம் திரும்பித்தான் தெரியும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும் சங்கதி. யானைக்கு எந்தப் பக்கம் தும்பிக்கை இருந்தால் என்ன, ஒருவருக்கும் தோன்றவில்லை. எழுத்துக்கு அப்படி இல்லையே.

"இன்னா சார், தப்பா?" என்றாள் வேம்பு.

"இல்லேம்மா. அழிச்சிட்டு நான் எழுதறதைப் பாரு" என்று மணலில் உட்கார்ந்தார். நாலு மாதத்தில் முதல் தடவை அவர் அந்த மணலில் உட்கார்ந்தார். மூன்றரை மணி நேரம் இருந்தது. கையைப் பிடித்து எழுதவைத்தார். அதட்டினார், கெஞ்சினார், இடது கைகளில் மையால் ஒரு புள்ளி வைத்து இங்கிருந்து ஆரம்பி என்றார். இருபக்கமும் ஒன்றாக இருக்கிற 'ப' மட்டும் பிழைத்தது. மற்றதெல்லாம் குழம்பியது. ஒருவன் பாதியைத் திருப்பினான், ஒருவன் தலைகீழாக எழுதினான், சின்னவள் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். ஒன்பது மணிக்கு இருந்ததைவிடப் பத்தரைக்கு இன்னும் மோசம். வாத்தியாருக்கு ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார்.

நடுவில் திரை இல்லாததால் எட்டுப் பேரும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்கள் கையில் பலகையும் பலப்பமும் கொடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வாக்கியம் சொன்னார்: "மழை வந்தால் ஆறு நிறையும்."

நாற்பது பலகைகளையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு வந்தவர் பின்வரிசையில் நின்றார். ஏழு பலகைகளில் ஏதோ கிறுக்கல். வேம்பு பயத்தில் காலையில் சொல்லிக்கொடுத்ததை மறந்து, தனக்குத் தெரிந்ததை எழுதியிருந்தாள். வலமிருந்து இடமாக, ஒரு பிழையில்லாமல்.

"இது என்ன பாஷை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

முன்வரிசை சிரித்தது. முதலியார் வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "நாங்க சேத்துகினோம் சார், வாத்தியாரும் பாடுபட்டாரு. ஏறலை" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வாத்தியாருக்கு ஒன்றும் இல்லை. வேலை இருக்கும், நல்ல பேரும் இருக்கும். வேம்பு பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"ஐயா, ஒரு பத்து நிமிஷம் கொடுங்க" என்றார்.

கோணியை இழுத்துச் சன்னல்களை அடைத்தார். வேட்டியை நனைத்து நடுவில் கட்டினார். முதலியார் கண்ணால் எரித்ததை அவர் பார்க்கவில்லை. விளக்கை ஏற்றி, ஒரு கண்ணாடியில் கரி பிடித்து வேம்புவிடம் ஊசியோடு கொடுத்து, அதே வாக்கியத்தை எழுதச் சொன்னார். அவள் தன் வழக்கப்படி கீறினாள். லாந்தரில் செருகினார். இந்தப் பக்கம் துணியில் அதே புரியாத எழுத்து விழுந்தது.

"தயவு செஞ்சு அந்தப் பக்கம் வந்து பாருங்க ஐயா."

இன்ஸ்பெக்டர் வேட்டியைச் சுற்றிக்கொண்டு போய் மணலில் நின்றார். அங்கே வாக்கியம் நேராக எரிந்துகொண்டிருந்தது. மழை வந்தால் ஆறு நிறையும். அவர் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

"இவர்களை இங்கே யார் உட்காரவைத்தது?"

"எனக்குத் தெரியாது சார், நான் வகுப்புப் பக்கமே வர்றதில்லை" என்றார் முதலியார்.

"நான்தான்" என்றார் சுப்பராயன்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் அல்ல. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காலடி மணலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "எழுத்தில் ஒரு குற்றம் இல்லை. ஆனால் இவர்களுக்காகப் புத்தகத்தைத் திருப்பி அச்சடிக்க மாட்டார்கள். நான் எப்படித் தேறியதாக எழுதுவது?"

"ஒரு மாசம் கொடுங்க ஐயா. ஒரே மாசம்."

"பரீட்சை வருஷத்துக்கு ஒன்றுதான். இந்தத் திரையைப் பற்றியும் நான் எழுதியாக வேண்டும், அது உங்கள் வேலையை வாங்கிவிடும்."

அவர் எழுதிவிட்டுப் போனார். எட்டுப் பெயருக்கு எதிரிலும் 'தேறவில்லை' என்று. முதலியார் அன்றைக்கே எட்டுப் பெயரையும் பதிவேட்டிலிருந்து அடித்தார்.

பின்வாசலில் தாயம்மா கரிக்கூடையோடு நின்றிருந்தாள். சுப்பராயன் அவள் முன்னால் கைகூப்பினார். "பாப்பா மேல குத்தமில்லை, தாயம்மா. வீட்டுல வெச்சாவது நான் சொல்லித் தரேன். அவளை அங்க கூட்டிட்டுப் போவாதே."

"நாலு மாசம் வுட்டேனே வாத்தியாரையா" என்றாள் தாயம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நாலு மாசமும் நீ அந்தாண்டதானே குந்த வெச்சே."

சுப்பராயன் வேம்புவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, வெளியில அந்தப் பசங்க பலகையை நீ பாத்ததே இல்லையா? வேற மாதிரி இருக்கேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"பாத்துகீறேன் சார்" என்றாள் வேம்பு. "தண்ணிக் கொயாவாண்ட அவங்களுக்கு வேற கொடம், எங்குளுக்கு வேற கொடம். காப்பிக் கடையில வேற கொவளை. செத்தா பொதைக்கிற எடமும் வேறன்னு அம்மா சொல்லிச்சு. அதான் எய்த்தும் அப்டித்தான் போலன்னு நென்ச்சேன். அது அவங்க எய்த்து, இது எங்க எய்த்துன்னு."

தாயம்மா ஒரு சின்னக் கூடையை அவள் கையில் கொடுத்தாள். இருவரும் தண்டவாளத்தைப் பார்த்து நடந்தார்கள்.