மாவைத் தொடாத கை

கண்ணாடி முன்னால் நின்று கழுத்துப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கிறிஸ்டி, முதுகுக்குப் பின்னால் சட்டி உருளும் சத்தம் கேட்டுத் திரும்பினான். அவன் அம்மா டீலியா பாய்ந்து வந்து அவன் மனைவி அட்ராக்டாவின் கையிலிருந்து மாவைப் பறித்துக்கொண்டிருந்தாள். தரையில் சிந்திய ஒரு பிடியையும் விடவில்லை. அள்ளி வாசலுக்கு வெளியே கொட்டி, கோழி தின்னாதபடி மேலே சாம்பலைத் தூவிவிட்டு வந்தாள்.

"பெத்து மூணு நாள்தான் ஆச்சு. கோயில்ல சேர்த்துக்காத கை. இதுல ரொட்டி சுட்டுட்டு, சாயங்காலம் தேநீருக்கு வர்ற ஃபாதர் சாமி வாயில எதைடி வைப்பேன்?"

அட்ராக்டா கையை உதறிக்கொண்டாள். வாசலில் பக்கத்துப் பண்ணைக்காரரின் ஃபோர்டு உறுமிக்கொண்டு நின்றது. ஞானஸ்நானத்துக்கு இன்னும் இருபது நிமிடம். பெற்றவளைத் தவிர எல்லோரும் கிளம்பியாகிவிட்டது.

கிளேர் மாவட்டத்தில் அதுதான் வழக்கம். பிள்ளை பெற்றவளைச் சாமியார் மெழுகுவர்த்தி கொடுத்து, ஜெபம் சொல்லி, வாசலிலிருந்து உள்ளே அழைத்துக்கொள்ளும்வரை அவள் கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. மாவு பிசையக் கூடாது. பாலைத் தொட்டால் வெண்ணெய் திரளாது. பிள்ளை உண்டானதில் சரிபாதிப் பங்குள்ள கிறிஸ்டிக்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. அன்று ஞாயிறு காலைப் பூசைக்கும் போனான், பூசை முடிந்து மதுக்கடைக்கும் போனான். இரண்டு இடத்திலும் கை குலுக்கினார்கள்.

"என்ன பேரு?" அட்ராக்டா அவன் காதருகே வந்து கேட்டாள்.

"ஈவ்லின்."

"இன்னொரு தடவை சொல்லு."

"ஈவ்லின். அதான் சத்தியம் பண்ணிட்டேனே, விடேன்."

ஈவ்லின் அட்ராக்டாவின் அக்கா. கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளை வந்த குற்றத்துக்காக, ஊர்ச் சாமியார் ஃபாதர் முல்க்வீன் அவளைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டுபோய்க் கன்னியர் மடத்துச் சலவைச்சாலையில் விட்டார். ஒன்பது வருஷம் ஊரார் அழுக்கை வெளுத்துவிட்டு அங்கேயே செத்தாள். கல்லறையில் பெயர் வெட்டவில்லை. ஊரில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதுமில்லை. அதை முல்க்வீன் கையாலேயே கோயில் ஏட்டில் எழுதவைக்க வேண்டும். அட்ராக்டா கேட்டது அது ஒன்றைத்தான்.

கோயிலில், பிள்ளைக்கு என்ன பெயர் என்று முல்க்வீன் கேட்டபோது கிறிஸ்டி வாயைத் திறக்கத்தான் செய்தான். அவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். எட்டு வயதில் ஞானோபதேச வகுப்பில் அவரிடம் வாங்கிய பிரம்படியெல்லாம் உள்ளங்கையில் திரும்ப எரிந்தது. அவன் அதைக் கால்சட்டையில் தேய்த்துக்கொள்வதற்குள், ஞானத்தாயாகப் பிள்ளையை ஏந்தி நின்ற டீலியா முந்திக்கொண்டாள்.

"கன்செப்டா, சாமி. என்னோட நடுப்பேரு."

தண்ணீர் விழுந்தது. பிள்ளை வீறிட்டது. ஏட்டிலும் ஏறிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் கிறிஸ்டி நான்கு பொய் தயாரித்தான். நான்கும் வீணாயின. கார் கதவைத் திறக்குமுன்பே டீலியா பெயரை அறிவித்துவிட்டாள். சட்டி பறக்கும் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அட்ராக்டா பிள்ளையை வாங்கி சால்வை நுனியில் அதன் தலையைத் துடைத்தாள். "சரி" என்றாள். அந்த ஒரு சொல்லில் அவனுக்கு வியர்த்துவிட்டது.

டீலியா சுட்ட ரொட்டியை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாம். சாயங்காலம் வந்த ஃபாதர் முல்க்வீன் அதைத் தேநீரில் ஊறவைத்துப் பொறுமையாக மென்றார். டீலியாவின் பேச்சு மருத்துவச்சி பெக் டூஹி பக்கம் திரும்பியது. பிரசவத்தன்று சைக்கிள் பஞ்சராகி, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவள். அவள் அடுத்த ஊரில் சாகக் கிடந்த ஒரு சிசுவுக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்ததாகப் பீற்றிக்கொள்கிறாளாம்.

"பொம்பளை ஊத்துன தண்ணி செல்லுமா, சாமி?"

முல்க்வீனுக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும். "உயிருக்கு ஆபத்துன்னா யாரு வேணா ஊத்தலாம் டீலியா. பொம்பளை, புராட்டஸ்டண்ட், சாமியே இல்லைங்கறவன்கூட. தண்ணியும் வார்த்தையும் சரியா இருந்தாப் போதும். ஊத்துன கை யாருதுன்னு கடவுள் பார்க்கறதில்லை."

"பிழைச்சப்புறம் கோயில்ல மறுபடி ஊத்தினா?" அடுப்போரத்திலிருந்து அட்ராக்டா கேட்டாள்.

"அது வெறும் தலைக்குளியல்மா. ஞானஸ்நானம் ஒரு தடவைதான். பாப்பரசரே வந்தாலும் ரெண்டாவது கிடையாது. முதல்ல வச்ச பேரைத்தான் ஏட்டுல எழுதணும்."

அட்ராக்டா எழுந்தாள். ஜன்னல் விளிம்பிலிருந்த நீலக்கோடு போட்ட ஜாடியை எடுத்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில், ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவே வைத்தாள். டீலியா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்போ ஏட்டைத் திருத்தணும், சாமி. வியாழக்கிழமை இவரு மாட்டுச் சந்தையில. அத்தை பெக்கைத் தேடிப் போயிருந்தாங்க. பிள்ளை நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு, மூச்சில்லை. நான்தான் இந்த ஜாடித் தண்ணியை எடுத்து ஊத்தினேன். வகுப்புல நீங்க சொல்லிக்குடுத்த வார்த்தையை ஒண்ணு விடாம சொன்னேன். மூணு நாளா அவ பேரு ஈவ்லின்."