ஊசித் துளைகள்

ஜோலீன் தன் மகன் கோல்பியின் கல்யாணத்துக்காகப் பனிக்காலம் முழுக்க உட்கார்ந்து துண்டு துண்டாக இணைத்த போர்வையின் மேல்துணியை, ஏப்ரலில் அக்கா மார்வாவின் வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். அத்தனையும் மெழுகு வைத்துச் சாயம் தோய்த்த பாத்திக் துணி. கருநீலத்திலிருந்து சோளக்கதிரின் மஞ்சள் வரை, ஒரு நிறம் இன்னொன்றில் கரைவதுபோல அடுக்கியிருந்தாள்.

மார்வா ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். தங்கைக்கு இப்படி ஒரு கண் இருக்கிறது என்று அவள் நினைத்ததே இல்லை.

"தையல் நேர்கோடா மட்டும் போடுக்கா, இடம் விட்டு விட்டு," என்றாள் ஜோலீன். "இறகு, சுருள்னு உன் தையல் வேலைப்பாடெல்லாம் வேண்டாம். நிறம்தான் தெரியணும்."

"இவ்வளவு பெரிய போர்வைக்கு வெறும் கோடா? சாக்கு தைக்கிற மாதிரி இருக்கும்டி."

"இருந்துட்டுப் போகட்டும். கோடு போதும்."

மார்வாவின் வீட்டு நிலவறையில், சுவருக்குச் சுவர் நீண்ட சட்டத்தில் ஓடுகிற பெரிய தையல் மெஷின் இருந்தது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் சேர்த்துத் தைத்துத் தருவதுதான் அவள் பிழைப்பு. அந்த வட்டாரத்துப் பெண்கள் பாத்திக் என்றால் அவளிடம்தான் வருவார்கள். அதன் நெசவு அவ்வளவு நெருக்கம். சாதாரணத் துணியில் மேல்நூலும் அடிநூலும் பின்னும் முடிச்சு பஞ்சுக்குள் தானாகப் புதைந்துவிடும். பாத்திக்கில் அது உள்ளே இறங்காது. மேல்நூல் கொஞ்சம் இறுகினாலும் அடிநூல் மேலே வந்து புள்ளி புள்ளியாகப் பல்லைக் காட்டும். மார்வா மெல்லிய ஊசியும் மெல்லிய நூலும் போட்டு, இறுக்கத்தைத் தளர்த்தித் தளர்த்தி, மீந்த துண்டுகளில் தைத்துப் பார்ப்பாள். முன்னும் பின்னும் விரலால் தடவி ஒரு நெருடலும் இல்லை என்ற பிறகுதான் போர்வையைத் தொடுவாள்.

இதையும் அப்படித்தான் தொடங்கினாள். முதல் வரிசையில் கோடுதான் போட்டாள். தையல் முத்துக் கோத்ததுபோல விழுந்தது. அது அவ்வளவு நன்றாக விழுந்ததுதான் வினையாயிற்று.

மார்வாவுக்குப் பிள்ளை இல்லை. ஜோலீன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில் கோல்பி வளர்ந்தது பாதியும் இந்த வீட்டில்தான். அவன் படுக்கையில் காலமெல்லாம் கிடக்கப்போகிற போர்வையில் தன் கை தெரிய வேண்டாமா? ஒரு மூலையில் ஓர் இறகு மட்டும் என்று ஆரம்பித்தாள். மூலை நிறைந்தது, ஓரம் நிறைந்தது, பிறகு நடுவும் நிறைந்தது. பார்த்தால் தங்கை மனம் மாறிவிடுவாள் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டாள்.

ஜோலீன் வந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"கோடு போடச் சொன்னேன்."

"தடவிப் பாருடி. ஒரு புள்ளி வெளிய தெரியுதா? இந்த மாவட்டத்துல வேற யாரு இப்படித் தைப்பா?"

"என் நிறம் எங்கக்கா? எங்க பாத்தாலும் உன் இறகுதான் தெரியுது."

"கோல்பிக்காகத்தானே செஞ்சேன்."

"அவன் என் பிள்ளை. உனக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா என்னுதுல கை வச்சிருக்க மாட்ட."

மார்வா போர்வையை மடித்து அவள் கையில் திணித்து, வாசல் கதவைத் திறந்து பிடித்தாள்.

ஜோலீன் தையல் பிரிப்பானை எடுத்துக்கொண்டு தன் சமையலறையில் உட்கார்ந்தாள். ஒவ்வோர் இறகாக அறுத்தாள். இறுக்கம் அவ்வளவு சரியாக இருந்ததால் நூல் லேசில் வரவில்லை. விரல் நுனியெல்லாம் புண். எல்லாவற்றையும் பிரித்து முடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது. நூல் போயிருந்தது, இறகுகள் போகவில்லை. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் வாய் திறந்தபடி நின்றது.

வேறு வழியில்லாமல் திரும்பி வந்தாள். "மூடித் தா," என்றாள், அக்கா என்று சேர்க்காமல்.

மார்வா தண்ணீர் தெளித்தாள், ஆவி காட்டினாள், நகத்தால் சுரண்டினாள். சாதாரணப் பருத்தி என்றால் இழைகள் நகர்ந்து மூடிக்கொள்ளும். இந்த நெசவில் நகர இழைக்கு இடமில்லை.

"மூடாது," என்றாள். "பிரிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"தைக்கிறதுக்கு முன்னாடி நீ கேட்டியா?"

கல்யாணம் ஜூனில், சர்ச் கூடத்தில் நடந்தது. மார்வாவைக் கடைசி மேஜையில், மணப்பெண்ணின் தூரத்துச் சொந்தங்களோடு உட்காரவைத்திருந்தார்கள். கோல்பி கேக் தட்டோடு அவளிடம் வந்தான்.

"பெரியம்மா, போர்வை என்னாச்சு? அம்மாவைக் கேட்டா மூஞ்சிய திருப்பிக்கிறாங்க."

"முடிக்க முடியலடா."

"அதுக்கென்ன, விடுங்க. கடையிலயே ஒண்ணு வாங்கிட்டோம். சும்மா மெத்து மெத்துன்னு இருக்கு."

அவன் அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னான். மார்வா கேக்கைக் கடைசித் துணுக்கு வரை தின்று முடித்தாள்.

ஆகஸ்டில் மாவட்டக் கண்காட்சியில் ஜோலீனின் இன்னொரு பாத்திக் போர்வை தொங்கியது. பக்கத்து மாவட்டத்தில் யாரிடமோ கொடுத்துத் தைத்து வாங்கியிருந்தாள். வெறும் நேர்கோடுகள்தான். ஆனால் கருநீலம் முழுக்க வெள்ளை அடிநூல் உப்புத் தூவியதுபோல மேலே வந்து கிடந்தது. அதில் பரிசு ரிப்பன் எதுவும் குத்தியிருக்கவில்லை.

மார்வா அதன்முன் நின்றிருந்தபோது ஜோலீன் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் இவ்வளவு அருகில்.

"எப்படி இருக்கு?"

"நிறம் நல்லா தெரியுது," என்றாள் மார்வா.

ஜோலீன் அவள் முகத்தையே பார்த்தாள். "புள்ளியும் தெரியுதுல்ல? சொல்லேன். சொல்லிடு."

"நான் ஒண்ணும் சொல்லல."

"ஆமா, நீ எப்பவும் சொல்ல மாட்ட. செஞ்சுட்டுப் போவ."

அதைச் சொல்லிவிட்டு ஜோலீன் எலுமிச்சைச் சாறு விற்கிற கடைப்பக்கம் நடந்தாள். மார்வா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேறு வாசல் வழியாக வண்டிகள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போனாள்.