எட்டு முக்கோணங்கள்

விரியாமல் போனால் என்ன செய்வது? விரிந்துவிட்டால் மட்டும் என்ன செய்யப் போகிறேன்? இத்தனை பேர் முன்னால் அழுது தொலைக்காமல் இருந்தால் போதும்.

அவள் குடையின் விசை மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் குடைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பதினோரு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு குடையைக்கூட அவள் விரித்துப் பார்த்ததில்லை. கம்பியின் நுனியோடு துணியைச் சேர்த்து நாலு தையல் போடுவது அவள் வேலை. ஒரு குடைக்கு எட்டு நுனி. தைத்துத் தள்ளிவிட்டால் அது அடுத்த மேஜைக்குப் போய்விடும். விரித்துப் பார்க்க வேறு ஆட்கள், வேறு கூடம்.

"அமுக்குங்க அண்ணி! நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள மழைக்காலமே முடிஞ்சிடும்" என்றாள் நாத்தனார்.

கணவனின் தங்கை அவள். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து மடிப்புத் தைப்பவள். அவள் 'அண்ணி அண்ணி' என்று கூவிக் கூவி, தொழிற்சாலை முழுக்க இவளுக்கு அண்ணி என்றே பேராகிவிட்டது. இவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

படக்கென்று ஒரு சத்தம். முகத்தில் காற்று அடித்தது. கண்ணைத் திறந்தால் தலைக்கு மேலே நீலமாக ஒரு கூரை. எட்டுத் துண்டும் எட்டுப் பக்கம் விறைத்துக்கொண்டு நின்றன. அவள் வெட்டி, அவள் சேர்த்து, அவள் மாட்டிய கூரை. அழுகை வரவில்லை. வாய்விட்டுச் சிரிப்புதான் வந்தது. யார் இப்படிச் சிரிக்கிறது என்று அவளுக்கே ஒரு கணம் விளங்கவில்லை.

"சுத்துங்க, சுத்துங்க!" துணி வெட்டும் நெட்டைக்காரி கைதட்டினாள். அவளை எல்லோரும் ஒட்டகம் என்பார்கள். அவளும் கோபப்பட மாட்டாள். கைப்பிடி பொருத்தும் மௌனசாமி மட்டும் ஒன்றும் சொல்லாமல் குடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுவதற்குக் காசு கேட்பவள் போல இருப்பதால் அவளுக்கு அந்தப் பேர்.

சுற்றி முடித்து மடக்கிய பிறகுதான் தெரிந்தது. மடக்கின குடை மடங்கி நிற்கவில்லை. துணி தொளதொளவென்று பாவாடை மாதிரி தொங்கியது.

"என்னடி இது, இடுப்புல நிக்க மாட்டேங்குது?"

நாலு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடினார்கள். சுற்றிக் கட்டுகிற பட்டையையே காணோம். பட்டை தைக்கும் இடம் மாடியில். அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூட இவர்களுக்குத் தெரியாது. வருஷக்கணக்காகக் குடை செய்தவர்களுக்குக் குடைக்குப் பட்டை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. சிரித்துச் சிரித்து நாத்தனாருக்கு விக்கல் எடுத்துக்கொண்டது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் புதிதாக வந்திருந்த பணியாளர் நல அதிகாரி. வந்த வாரமே சாப்பாட்டுக் கூடத்தில் கரும்பலகையை நிறுத்தி, பெரிய முக்கோணம் ஒன்று வரைந்து, அதைக் குறுக்குக் கோடுகளால் ஐந்து படியாகப் பிரித்தாள். கீழ்ப்படியில் சாப்பாடு, தூக்கம். அதற்கு மேலே பயமில்லாத பிழைப்பு. அடுத்தது நாலு பேரோடு ஒட்டி உறவாடுவது. அப்புறம் மதிப்பு. உச்சியில், ஒரு மனுஷி தன்னால் என்னவாக முடியுமோ அதுவாகவே ஆகிவிடுவது.

"கக்கூஸ் போறதுக்கு அனுமதி கேக்கணுமே மேடம், அது எந்தப் படி?" என்று நாத்தனார் கேட்டாள். கூடமே அதிர்ந்தது. அதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. "முதல் படிதான். அதையே இன்னும் நாம தாண்டல" என்றாள். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அனுமதிச் சீட்டு ஒழிந்தது. அன்றுதான் எல்லோரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். அவளுக்கு முக்கோணம் மேடம் என்று பேர் விழுந்ததும் அன்றுதான்.

பிறகு அவள் மேனேஜரோடு மல்லுக்கட்டி ஒரே ஒரு மேஜைக்கு இரண்டு மாதச் சோதனை வாங்கினாள். மேற்பார்வையாளர் கிடையாது. ஒவ்வொருத்தியும் ஒரு குடையை முதலிலிருந்து கடைசிவரை தானே செய்ய வேண்டும். ஆறாம் நம்பர் மேஜை, இவர்களுடையது.

பட்டை மறந்த அன்றைக்கு அண்ணி மத்தியானச் சாப்பாட்டையும் மறந்திருந்தாள். சாயங்காலம் பையைத் திறந்தபோதுதான் டப்பா கனத்தது. அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கீழ்ப்படியில் கால் வைக்காமலேயே உச்சிக்குப் போய்விட்டு வந்திருக்கிறோமே, இது அந்தப் படத்தில் எங்கே வரும்? மேடத்திடம் கேட்க வெட்கமாக இருந்தது. பசியும் அப்போதுதான் கபகபவென்று எரிந்தது.

முடிச்சு போடுகிற யோசனை நாத்தனாருடையது. "பெத்த பிள்ளைக்கு ஒரு அடையாளம் வேணாமா?" என்றாள். குடையின் உள்ளே, உச்சிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு நூல் முடிச்சு. அண்ணிக்கு மஞ்சள், நாத்தனாருக்குப் பச்சை, ஒட்டகத்துக்கு வெள்ளை, மௌனசாமிக்குச் சிவப்பு. மேலிடத்துக்குச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மழையில் நடப்பதே வேறு அனுபவமாகிவிட்டது. மூன்றாவது வாரம், வேலை முடிந்து வரும்போது பிடித்துக்கொண்டது மழை. தெருவெல்லாம் குடை. அண்ணி ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். முன்னால் ஒரு பெரியவர் நீலக் குடை பிடித்துப் போனார். அந்த மடிப்பு அவர்கள் மேஜை மடிப்பேதான். இரண்டு தெரு அவர் பின்னாலேயே போனாள். மூடியிருந்த கடை ஒன்றின் கூரையடியில் அவர் சட்டென்று நின்று திரும்பினார்.

"என்னம்மா வேணும் உனக்கு? ரொம்ப நேரமா தொரத்துற?"

"ஒண்ணுமில்லீங்க. உங்க குடைக்குள்ள ஒரு முடிச்சு இருக்கான்னு பாக்கணும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பைத்தியத்தோடு வாதாடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, குடையை நீட்டினார். உள்ளே தலையை விட்டாள். சிவப்பு முடிச்சு! தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் கண்டதுபோல அவளுக்கு மனசு துள்ளியது. அப்போதுதான் கவனித்தாள், ஒரு நுனியில் துணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. நாலு தையல் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றின் தடம்தான் இருந்தது.

பையில் எப்போதும் ஊசி உண்டு. அங்கேயே நின்று தைத்துக் கொடுத்தாள்.

"நீ செஞ்சதா இது?" என்றார் பெரியவர்.

"நாங்க செஞ்சதுங்க."

மறுநாள் அவள் மௌனசாமியையே கவனித்தாள். எட்டாவது நுனி வரும்போது மௌனசாமியின் கை பறந்தது. மூன்றாவது தையலிலேயே நூலை அறுத்துவிட்டு விசைக்குப் போய்விட்டாள். குடை விரிந்தது. அண்ணாந்து பார்த்த அந்த முகத்தை அண்ணி அதற்குமுன் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு வருஷம் கைப்பிடி மட்டும் பொருத்தியவள் முகம்! சோம்பேறித்தனம் இல்லை. விரித்துப் பார்க்கும் அவசரம். அந்த அவசரம் தனக்கும் உண்டே என்று அண்ணிக்கு நெஞ்சு இளகியது.

"கடைசித் தையலையும் போட்டுட்டு விரிடி. குடை எங்கயும் ஓடிப் போகாது" என்று காதோடு சொன்னாள்.

மௌனசாமி கன்றிச் சிவந்தாள். "பொறுக்க முடியல அண்ணி" என்றாள். மேஜையில் அவள் சேர்ந்தாற்போல் மூன்று வார்த்தை பேசியது அன்றுதான். அன்றிலிருந்து விரிப்பதற்கு முன்னால் குடையைப் பக்கத்து ஸ்டூலுக்குக் கொடுத்து, எட்டு நுனியையும் எண்ணச் சொல்வது மேஜையின் வழக்கமாயிற்று. எட்டும் சரி என்றால் பக்கத்துக்காரி 'ம்' என்பாள். உடனே படக்!

"போர்டுல மேடம் ஒரே ஒரு முக்கோணம் போட்டாங்களே" என்றாள் நாத்தனார் ஒருநாள், முக்கோணத் துணித் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டே. "ஒண்ணை வெச்சுக்கிட்டு நனையாம போக முடியுமா? எட்டு வேணும்." சும்மா சொன்னதுதான். அண்ணிக்கு அன்று முழுக்க அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

சோதனை முடிய ஒரு வாரம் இருக்கும்போது மேடம் அண்ணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேஜை மேல் மூன்று நீலக் குடைகள் விரிந்து கிடந்தன. மேடத்தின் முகம் தூங்காத முகமாக இருந்தது.

"உக்காருங்க அண்ணி. முதல்ல நல்ல சேதி. உங்க மேஜைக் குடைங்க மத்ததைவிட ரொம்பக் கம்மியாத்தான் பழுதுன்னு திரும்பி வருது. மேனேஜரே வாயடைச்சுப் போயிட்டார்."

அண்ணி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். தொடரப் போகிறது! நாளைக்கும் விரிக்கலாம், நாளன்றைக்கும் விரிக்கலாம்.

"ஆனா இந்த மூணு வந்திருக்கு. மூணும் நுனி கழண்டது. மூணுக்குள்ளயும் சிவப்பு முடிச்சு. ஆளுக்கு ஒரு நிறம்னு மேனேஜர் கண்டுபிடிச்சிட்டார்." மேடம் ஒரு காகிதத்தையும் பேனாவையும் நகர்த்தினாள். "அது யாருன்னு மேனேஜர் கேக்குறார். அவங்க மட்டும் கைப்பிடிக்குத் திரும்பிப் போயிடணுமாம். மத்த மூணு பேரும் இப்படியே தொடரலாம். இல்லைன்னா மொத்தமா நிறுத்திடுவேன்னு சொல்றார்."

"இது ஆரம்பத்துல போனது மேடம். இப்ப சரி பண்ணியாச்சு. ஒருத்தர் குடைய ஒருத்தர் பாத்துட்டுத்தான் விரிக்கிறோம். கொண்டுபோனா இந்த மூணையும் மத்தியானத்துக்குள்ள தெச்சுத் தந்துடுவோம்."

"எனக்குப் புரியுது. அவருக்குப் புரியணுமே. நாங்கன்னு சொன்னா அவர் ஏத்துக்க மாட்டார். ஒரு பேர் வேணும்." மேடத்தின் குரல் கெஞ்சியது. "இதுக்காக நான் எவ்வளவு அலைஞ்சிருக்கேன் தெரியுமா? ஒரே ஒரு பேர், அண்ணி."

அண்ணி காகிதத்தைப் பார்த்தாள். எழுதினால் திங்கட்கிழமை அவள் ஸ்டூல், அவள் கத்தரி, அவள் மஞ்சள் நூல். எழுதாவிட்டால் மறுபடியும் நுனி. நாலு தையல், தள்ளு. நாலு தையல், தள்ளு. விரல்களுக்கு அது இப்போதே ஞாபகம் வந்துவிட்டது. எவ்வளவு ஆசை இருக்கிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது. பொறுக்க முடியல அண்ணி என்று சொன்ன குரலும் கூடவே கேட்டது. முதல் குடையின் விசையில் வைத்ததைப் போலவே கட்டைவிரலைப் பேனாவின் மேல் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியாதா?" மேடமே ஒரு வழி காட்டினாள்.

"தெரியும் மேடம்" என்றாள் அண்ணி. சத்தம் உயரவில்லை. "சொல்ல மாட்டேன்."

பேனாவை மூடி, காகிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் மேஜையின் அந்தப் பக்கத்துக்கே தள்ளினாள்.